அசலின் மதிப்பு: பழங்கால ரிவால்வர்களை அறிந்து மதிப்பிடும் கலை

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த தத்துவ மேதை அல்கிந்தீ, வாள்களைப் பற்றி ஒரு சிறு நூல் இயற்றினார். அப்பாஸியக் கலீஃபா அல்முஃதஸிமுக்காக எழுதப்பெற்ற நூல் அது. எந்த நாட்டு இரும்பு, எந்த ஊரில் அடித்தது, அலகின் மேல் நீரோட்டம்போல் தெரியும் வரிகள் எத்தகையவை, எடை எவ்வளவு என்றெல்லாம் பகுத்து, யமன், இந்தியா, சரந்தீப் ஆகிய நாடுகளின் பெயரால் வழங்கிய வாள்களை அவர் இனம் பிரித்துக் காட்டுகிறார். வாள்களை அவர் மூவகையாக்குகிறார். ‘அதீக்’ ஒரு வகை. ‘முஹ்தஸ்’ மற்றொரு வகை. இரண்டிலும் சேராதது மூன்றாம் வகை.

‘அதீக்’ என்னும் அரபுச் சொல்லுக்குப் ‘பழையது’ என்பதே எவரும் முதலில் கொள்ளும் பொருள். ஆனால் அல்கிந்தீ அச்சொல்லால் காலத்தைக் குறிக்கவில்லை. உயர்ந்த தன்மையையே குறிக்கிறார். அத்தன்மை பொருந்திய வாள் எக்காலத்தில் அடிக்கப்பட்டதாயினும் ‘அதீக்’. அத்தன்மை இல்லாதது எவ்வளவு தொன்மையானதாயினும் ‘அதீக்’ அன்று. பழமை வேறு, மதிப்பு வேறு என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் தெளிவாக வரையறுத்திருப்பது வியப்புக்குரியது.

அல்கிந்தீ எழுப்பிய வினா இன்றும் ஓயவில்லை. ஆயுதம் மாறியிருக்கிறது, கண்டமும் மாறியிருக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ரிவால்வர்களைச் சேகரிப்போர் இன்று கேட்பதும் அதே வினாவைத்தான்: இஃது அசலா? அசலாயின் அதன் மதிப்பு யாது? இவ்வினாவுக்கு அவர்கள் விடை காணும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆயுதத்தின் பயன்பாடு பற்றி நாம் இங்குப் பேசவில்லை. ஒரு பொருள் தன் வரலாற்றை எவ்வாறு தன் உடலிலேயே எழுதி வைத்திருக்கிறது, அவ்வெழுத்தை மனிதக் கை எவ்வாறு அழித்துவிடுகிறது என்பதே நம் கவனத்துக்குரியது.

கோல்ட் என்னும் அளவுகோல்

கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் 1814இல் பிறந்த சாமுவேல் கோல்ட், சுழலும் உருளை கொண்ட கைத்துப்பாக்கிக்கு 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். நியூஜெர்ஸியின் பேட்டர்சன் நகரில் அவர் தொடங்கிய முதல் தொழிற்சாலை நொடித்துப்போயிற்று. மெக்ஸிகோப் போரின்போது, டெக்சாஸ் படைவீரர் சாமுவேல் வாக்கரின் யோசனையைக் கலந்து உருவான பெரிய ரிவால்வர்தான் அவருக்கு மறுவாழ்வு தந்தது. ‘வாக்கர்’ என்றே பெயர் பெற்ற அந்த ஆயுதம் இரண்டு கிலோவுக்கும் மேல் எடையுள்ளது. 1847இல் அரசுக்கு 1,000, தனியாருக்கு 100 என மொத்தம் 1,100 மட்டுமே செய்யப்பட்டன. பின்னர் வந்த 1851ஆம் ஆண்டின் ‘நேவி’, 1860ஆம் ஆண்டின் ‘ஆர்மி’, உலோகத் தோட்டாவுக்கென 1873இல் வெளிவந்த ‘சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி’ ஆகியவை லட்சக்கணக்கில் பரவின.

சேகரிப்போர் பலருக்கும் கோல்ட் ஓர் அளவுகோலாக நிற்பதற்குக் காரணம் உண்டு. ஒரே வகை உறுப்புகள், தொடர் எண்கள், ஒழுங்கான முத்திரைகள் ஆகியவற்றோடு ஆலையில் உருவான பொருள் அது. ஒழுங்கு இருக்கும் இடத்தில்தான் ஒழுங்கின்மையைக் கண்டுபிடிக்க முடியும்.

அசல் என்பது எது?

ஒரு ரிவால்வர் அசல் என்று சொல்லும்போது மூன்று செய்திகள் அதில் அடங்குகின்றன. அதன் உறுப்புகள் ஆலையை விட்டு வெளியேறியபோது இருந்தவையாக இருத்தல் வேண்டும். அதன் மேற்பரப்பு ஆலை கொடுத்த மேற்பரப்பாக இருத்தல் வேண்டும். அதன் மேலுள்ள எழுத்தும் எண்ணும் முத்திரையும் ஆலையாலோ, வாங்கிய அரசாலோ இடப்பட்டவையாக இருத்தல் வேண்டும்.

முதலாவதற்கு எண்களே சாட்சி. கோல்ட் நேவியில் குழலின் அடிப்பகுதி, உடற்சட்டம், விசையைக் காக்கும் வளையம், பிடியின் அடிப்பட்டை, உருளை ஆகியவற்றில் ஒரே தொடர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். குழலைச் சட்டத்தோடு இறுக்கும் சிறு ஆப்பில்கூட அவ்வெண்ணைக் காணலாம். மரப்பிடியைக் கழற்றினால், அதன் உட்புறத்தில் மையால் எழுதிய எண் மங்கலாகத் தென்படுவதுண்டு. எல்லாம் பொருந்தினால் நன்று. ஆப்பு மட்டும் மாறியிருந்தால் அது சிறு குறை. எளிதில் தொலையும் உறுப்பு அது. உருளை மாறியிருந்தால் குறை பெரிது.

இரண்டாவதான மேற்பரப்பை அறிவதற்குச் சற்றுப் பயிற்சி வேண்டும். கோல்ட்டின் குழலும் உருளையும் கருநீலச் சாயல் கொண்டவை. அது வண்ணப்பூச்சு அன்று. மெருகிட்ட எஃகைக் கரியின் நடுவே சூடாக்கி, அதன் மேற்பரப்பிலேயே வருவிக்கும் நிறம். சட்டமும் சுத்தியலும் எலும்புக்கரியில் வைத்துச் சூடாக்கிச் சட்டென நீரில் தணிக்கப்பட்டவை. ஆதலால் அவற்றில் நீலமும் பழுப்பும் சாம்பலும் மேகத்திட்டுகளாகக் கலந்து தோன்றும். பித்தளை உறுப்புகளில் மெல்லிய வெள்ளிப்பூச்சு இருக்கும். இந்நிறங்கள் நாளடைவில் தேய்வதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. தோலுறையில் உராயும் குழல்முனையும் உருளையின் விளிம்பும் முதலில் வெளுக்கும். கை படாத இடுக்குகளில் நீலம் கடைசிவரை தங்கும். இவ்வொழுங்குக்கு மாறாக, இடுக்குகள் வெளுத்து விளிம்புகள் மின்னினால் அங்கு ஏதோ நேர்ந்திருக்கிறது என்று கொள்ளல் வேண்டும்.

மூன்றாவதாக, எழுத்தும் சித்திரமும். நேவி ரிவால்வரின் உருளையில், 1843 மே 16 அன்று டெக்சாஸ் கடற்படைக்கும் மெக்ஸிகோக் கடற்படைக்கும் நடந்த போர் சித்திரமாக உருட்டப்பட்டிருக்கும். வாட்டர்மேன் ஆர்ம்ஸ்பி என்னும் செதுக்குக் கலைஞர் அமைத்த அச்சு அது. அச்சின் பதிவு ஆழமானதன்று. எனவே அச்சித்திரத்தில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதைப் பார்த்தே அந்த ரிவால்வர் எவ்வளவு உழைத்திருக்கிறது என்று கூறிவிடலாம்.

மெருகு என்னும் கேடு

இவ்விடத்தில்தான் பழகாதவர் பெரும்பாலும் வழுக்கி விழுகிறார். இரு ரிவால்வர்கள் அருகருகே கிடக்கின்றன என்று கொள்வோம். ஒன்று நீலம் முழுதும் தேய்ந்து, சாம்பல்பழுப்பு ஏறிக் கிடக்கிறது. மற்றொன்று பளபளக்கிறது; அண்மையில் எவரோ துருவை நீக்கி, மெருகிட்டு, மீண்டும் நீலமேற்றியிருக்கிறார். எது மேலானது?

அமெரிக்கத் தேசிய ரைஃபிள் சங்கம் பழந்துப்பாக்கிகளுக்கென வகுத்துள்ள தரவரிசை இதற்குத் தெளிவான விடை தருகிறது. உறுப்புகள் யாவும் அசலாக இருந்து, அசல் மேற்பரப்பு 80 விழுக்காட்டுக்கு மேல் எஞ்சியிருந்தால் அது ‘மிகச் சிறந்தது’. 30 விழுக்காட்டுக்கு மேல் எஞ்சியிருந்தால் ‘சிறந்தது’. உறுப்புகள் அசலாக இருந்து, மேற்பரப்பு 30 விழுக்காட்டுக்குள் இருப்பினும், அறவே இல்லாவிடினும் அது ‘மிக நன்று’. மீண்டும் நீலமேற்றியதற்கு இடம் அதற்கும் கீழே, ‘நன்று’ என்னும் படியில்தான். நேர்மையாகத் தேய்ந்த பொருள், செயற்கையாக மின்னும் பொருளைவிட ஒரு படி மேல் என்பது இதன் சாரம்.

காரணம் எளிது. மீண்டும் நீலமேற்றுமுன் எஃகைத் தேய்க்க வேண்டும். தேய்த்தால் கூரிய விளிம்புகள் மழுங்கும். சமதளங்கள் அலைபோல் வளையும். திருகுத் துளைகளின் வாய் கிண்ணம்போல் குழியும். எழுத்தின் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் ஆகும். உருளையின் கடற்போரில் கப்பல்கள் மறையும். புதிய நீலத்துக்கு அடியில் பழைய துருக்குழிகள் தெரிந்தால் வேறு சாட்சி தேவையில்லை. இருபதாம் நூற்றாண்டில் பரவிய சூடான உப்புக்கரைசல் முறையால் வரும் கருமை, பழைய கரிமுறையின் ஒளிரும் நீலத்தோடு ஒவ்வாது என்பதையும் பழகிய கண் உடனே கண்டுகொள்ளும்.

இந்த உண்மையை நாம் உணர்ந்தது துப்பாக்கியால் அன்று, ஓர் ஏட்டால். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நூலகத்தில், நாம் மாணவப் பருவத்தில் புரட்டிய அரபுத்தமிழ்க் கையெழுத்துப் படி ஒன்றை மீண்டும் காணச் சென்றோம். நல்லெண்ணம் கொண்ட ஒருவர் அதற்குப் புதிய தோலட்டை கட்டி, பொன்னெழுத்தில் பெயரும் பொறித்திருந்தார். உள்ளே திறந்தபோது நம் நெஞ்சு திடுக்கிட்டது. ஓரங்கள் நேராக வரவேண்டும் என்று தாள்களின் விளிம்புகளை வெட்டியிருந்தார்கள். அவ்விளிம்புகளில்தான் தலைமுறை தலைமுறையாக அதை ஓதியவர்களின் குறிப்புகளும், அது கைமாறிய ஆண்டுகளும் இருந்தன. மூலநூல் வேறு படிகளிலும் கிடைக்கும். அக்குறிப்புகள் இனி எங்கும் கிடைக்கமாட்டா. அழகுபடுத்தியவர் அந்த ஏட்டுக்கு மட்டுமே உரியதாக இருந்த ஒன்றை அழித்துவிட்டார். ரிவால்வருக்கு மெருகிடுபவர் செய்வதும் இதுவே.

போலிகளின் வகை

போலிகள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் அக்காலத்திலேயே கோல்ட்டைப் பார்த்துச் செய்தவை பல உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கு மாநிலங்களும் கோல்ட் நேவியைப் பின்பற்றின. ஜார்ஜியாவின் கிரிஸ்வால்டுவில்லில், பித்தளைச் சட்டத்தோடு சுமார் 3,700 செய்யப்பட்டன. 1864 நவம்பரில் வடபுலப் படை அத்தொழிற்சாலையை எரித்தது. இவை பிறிதொன்றைப் பின்பற்றியவை எனினும், தம்மளவில் வரலாற்றுப் பொருள்களே. அரிதானவை ஆதலால் சாதாரணக் கோல்ட்டைவிட மிகுந்த விலைக்கும் போகின்றன.

1950களின் இறுதியிலிருந்து இத்தாலிய ஆலைகள் செய்துவரும் மறுபடைப்புகளும் தம்மளவில் குற்றமற்றவை. அவற்றைச் செய்தோர் தம் முத்திரையை இட்டே விற்றனர். குற்றம் அடுத்த கையில் நிகழ்கிறது. முத்திரையை அரத்தால் அழித்து, அமிலத்தில் தோய்த்துத் துருவேற்றி, பித்தளைச் சட்டம் கொண்டதைத் தெற்கு மாநிலத்து அரும்பொருள் என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். இதனைக் கண்டறிய வழிகள் உண்டு. பழைய அமெரிக்கத் திருகுகளின் புரி அங்குல அளவில் அமைந்தது. இத்தாலியத் திருகுகளின் புரி மில்லிமீட்டர் அளவில் அமைந்தது. அமிலத்தால் வந்த துரு எங்கும் ஒரே சீராக இருக்கும். காலத்தால் வந்த துரு அவ்வாறு இராது. முத்திரை இருந்த இடத்தைத் தேய்த்தால் அங்கு ஒரு சிறு பள்ளம் எஞ்சும். தடவிப் பார்க்கும் விரலுக்குக் கண்ணைவிட விரைவில் அது தட்டுப்படும்.

உண்மையான ரிவால்வரிலேயே பொய்யான எழுத்தைச் சேர்ப்பது இன்னும் நுட்பமான வஞ்சகம். அமெரிக்க இராணுவம் 1873 முதல் 1891 வரை சுமார் 37,000 ‘சிங்கிள் ஆக்‌ஷன்’ ரிவால்வர்களை வாங்கியது. ஒவ்வொன்றையும் அரசின் ஆய்வாளர் சோதித்து, பிடியில் தம் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்தார். 1874இல் அப்பணியைச் செய்தவர் ஆர்வில் ஐன்ஸ்வொர்த். 1876 ஜூன் 25 அன்று லிட்டில் பிக்ஹார்ன் போரில் கஸ்டரோடு அழிந்த ஏழாம் குதிரைப்படைப் பிரிவினரின் கையில் இருந்தவை ஐன்ஸ்வொர்த் சோதித்த ரிவால்வர்களே. எனவே அவருடைய மூன்றெழுத்துகளுக்குத் தனி விலை உண்டு. தனி விலை உள்ள இடத்தில் பொய் முத்திரையும் உண்டு. அக்காலத்தில் அச்சால் அடித்த எழுத்து உலோகத்தைப் பக்கவாட்டில் நெருக்கி, விளிம்பில் மெல்லிய மேடு எழுப்பும். பின்னர்க் காலப்போக்கில் அம்மேடு தேயும். சுற்றுப்புறம் தேய்ந்திருக்க எழுத்து மட்டும் கூராக நின்றால் அது நேற்றைய வேலை.

பொருந்தாமையே அசலாகும் இடம்

இதுவரை கூறியவற்றைச் சூத்திரமாகக் கொள்வோர் மறுபக்கமும் தவறு செய்யக்கூடும். 1890களின் நடுவில் அமெரிக்க அரசு, பழைய குதிரைப்படை ரிவால்வர்களைத் திரும்பப் பெற்றுப் பழுதுபார்த்தது. ஏழரை அங்குலக் குழல்கள் ஐந்தரை அங்குலமாகக் குறைக்கப்பட்டன. உறுப்புகள் எண் பாராமல் கலந்து பூட்டப்பட்டன. ‘ஆர்ட்டிலரி’ என்று வழங்கும் அவற்றில் எண்கள் பொருந்தாமல் இருப்பதே இயல்பு. வெட்டிய குழல் என்று ஒதுக்கப்படுவதும், மாறிய எண் என்று தள்ளப்படுவதும் இங்கே வரலாற்றின் சுவடுகள்.

உஸ்மானியப் பேரரசு வாங்கிய ரிவால்வர்களும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனத்தின் மூன்றாம் எண் மாதிரி, 1870களில் ரஷ்யாவுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் சென்றது. துருக்கியும் அதே மாதிரியை விரும்பியது; ஆனால் வேறு தோட்டாவுக்கு ஏற்பக் கேட்டது. தன் படையிடம் முன்பே இருந்த 1866ஆம் ஆண்டு வின்செஸ்டர் ரைஃபிளின் தோட்டா ரிவால்வரிலும் பொருந்த வேண்டும் என்பதே காரணம். 1877இல் பிளெவ்னா முற்றுகையில் ரஷ்யரைத் திகைக்க வைத்தவை அந்த வின்செஸ்டர்கள். இப்பின்னணியை அறியாதவர் துருக்கிக்கெனச் செய்த ரிவால்வரைக் கண்டால், அதன் அறையளவு மாறியிருப்பதைப் பார்த்து, எவரோ கை வைத்துவிட்டார் என்று ஒதுக்கிவிடுவார். அறிந்தவரோ அதையே அசலுக்குச் சான்றாகக் கொள்வார்.

கைமாறிய வரலாறு

அறிவிப்பின் வாசகத்தை மட்டுமன்றி, அது வந்த ஸனதையும் ஆராய வேண்டும் என்பது நம் கல்வி மரபில் ஊறிய முறை. சேகரிப்போர் உலகிலும் பொருளுக்கு ஒரு ஸனத் தேவைப்படுகிறது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது? ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் எழுத்துச் சான்று உண்டா? இடையில் ஒரு கண்ணி அறுந்திருக்கிறதா?

பாட் காரெட் என்னும் ஷெரீப், 1881இல் ‘பில்லி த கிட்’ எனப்பட்ட கொள்ளையனைச் சுட்ட கோல்ட் ரிவால்வர் இதற்குச் சிறந்த சான்று. ஆலையிலிருந்து வந்தபோது அது பல்லாயிரத்தில் ஒன்று. அதன் தொடர் எண் 55093. காரெட் அதை எல்பாஸோ நகரத்து மதுக்கடைக்காரர் ஒருவரிடம் காட்சிக்குக் கொடுத்திருந்தார். இருவரும் மறைந்த பின், காரெட்டின் மனைவி வழக்குத் தொடுத்து அதை மீட்டார். குடும்பத்துக்கு வருத்தம் தந்த அவ்வழக்கே பின்னாளில் அசைக்க முடியாத சான்றாயிற்று. 2021 ஆகஸ்டில் பான்ஹாம்ஸ் ஏலத்தில், 20 முதல் 30 லட்சம் டாலர் என்று மதிப்பிடப்பட்டிருந்த அது 60 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. இரும்பின் விலை அன்று அது, ஸனதின் விலை.

ஆலைப் பதிவேடுகளும் ஸனதின் ஒரு பகுதியே. கோல்ட் நிறுவனம் தன் பழைய ஏடுகளைப் பார்த்து, குறிப்பிட்ட எண்ணுள்ள ரிவால்வர் எந்நாளில், என்ன குழல் நீளத்தோடு, யாருக்கு அனுப்பப்பட்டது என்று கடிதம் தருவதுண்டு. 1864 பிப்ரவரியில் ஹார்ட்ஃபோர்ட் ஆலையில் பற்றிய தீயில் பழைய ஆவணங்கள் பல அழிந்தமையால், அதற்கு முந்தியவற்றுக்குச் சான்று அரிது. கடிதம் இருப்பினும் அஃது எண்ணைப் பற்றித்தான் பேசுகிறது. நம் கையிலுள்ள பொருளைப் பற்றியன்று. எண்ணை மாற்றிப் பொறிக்க முடியும் என்பதை மறத்தலாகாது. கடிதமும் பொருளும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்ல வேண்டும்.

விலையை நிறுவுவன

அசல் என்று தெளிந்த பின்னரே விலை பற்றிய பேச்சு எழும். அருமை, எஞ்சிய மேற்பரப்பு, கைமாறிய வரலாறு, உடனிருக்கும் துணைப்பொருள்கள் ஆகிய நான்கும் விலையை நிறுவுகின்றன. 1,100 வாக்கர்களுள் ஒன்று, தன் பழைய பேழையோடும் துணைக்கருவிகளோடும் 2018இல் அமெரிக்க ஏலம் ஒன்றில் 18 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு விற்றது. டென்மார்க்கைச் சேர்ந்த கப்பல் தலைவர் ஒருவர் வாங்கிச் சென்ற அது, பேழையும் வரலாறும் பிரியாமல் காக்கப்பட்டதால் அவ்விலை பெற்றது. மாறாக, மூன்று லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட 1849ஆம் ஆண்டின் ‘பாக்கெட்’ ரிவால்வர், அதே கோல்ட் பெயரைத் தாங்கியிருந்தும் எளிய விலைக்கே கிடைக்கிறது. முதுமை மட்டும் விலை தருவதில்லை.

சட்டமும் விலையில் பங்கு கொள்கிறது. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் 1898 வரை செய்யப்பட்டவற்றைப் பழம்பொருள் எனப் பிரிப்பதால், அந்த எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள தொடர் எண்களுக்கிடையே விலை வேறுபாடு எழுகிறது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், பழுதுபார்த்தாலும் பயன்படுத்த இயலாத பழம்பொருளுக்கே விலக்கு அளிக்கிறது. மற்றவை உரிமத்துக்கு உட்பட்டவை.

தத்லீஸ்

அரபியில் ‘தத்லீஸ்’ என்றொரு சொல் உண்டு. வணிகத்தில், விற்கும் பொருளின் குறையை வாங்குபவரிடமிருந்து மறைப்பதற்கு அப்பெயர். ஹதீஸ் கலையில், அறிவிப்பாளர் வரிசையின் குறையைக் கேட்போரிடமிருந்து மறைப்பதற்கும் அதே பெயர். பொருளின் குறையையும் ஸனதின் குறையையும் மறைப்பது ஒரே குற்றம் என்று கண்ட மொழியறிவு போற்றத்தக்கது. மீண்டும் நீலமேற்றியதை அவ்வாறே சொல்லி விற்பவர் வணிகர். சொல்லாமல் விற்பவர் முதலிஸ். உருளை மாறியது, திருகு புதியது, பிடி வேறிடத்தது என்று எழுதித் தருவதால் விலை சற்றுக் குறையலாம். ஆனால் அந்த எழுத்தே அடுத்த தலைமுறைக்கு அப்பொருளின் ஸனதாகிறது.

எனவே பழம்பொருள் ஒன்று நம் கையில் வந்தால், அது ரிவால்வராயினும் வாளாயினும் ஏடாயினும், முதற்கடமை அதை மினுக்குவதன்று. துரு மேலும் பரவாமல் மெல்லிய எண்ணெய் தடவி, தெரிந்த வரலாற்றை ஒரு தாளில் எழுதி உடன் வைப்பதே. புதுமெருகை எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாம். அழிந்த அசலை எவராலும் மீட்க இயலாது. உயர்ந்த தன்மை உள்ளதே ‘அதீக்’ என்றார் அல்கிந்தீ. தன்னைப் பற்றிய உண்மையை மாறாமல் சொல்லி நிற்பதே, ஒரு பழம்பொருளுக்கு இருக்கக்கூடிய உயர்ந்த தன்மை என்பது நம் கருத்து.